பூட்டுக்கு வந்த சம்பந்தி

ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பித்தளைத் தாம்பாளம்.

அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தேங்காய், வெற்றிலைக் கட்டு, வாழையிலையில் பொதிந்த மல்லிகை. தாம்பாளத்தைப் பிடித்தபடி சாந்தாமணி அண்ணி இறங்கினார். கத்திரிப்பூ நிறப் பட்டுச்சேலை, மடிப்புக் கோடுகூட இன்னும் கலையவில்லை. அவருக்குப் பின்னால் சண்முகம் அண்ணன். அவருடைய வேட்டிக்கு அவ்வளவு கஞ்சி. உள்ளே அண்ணன் இல்லாவிட்டாலும் அது தனியாக நடந்து வந்திருக்கும்.

வாசலில் நாகரத்னா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று, அது கோணலாக இருக்கிறது என்று சொல்லாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சண்முகம் அண்ணன், அந்த வீட்டில் இருந்த பரிமளா அக்காவின் கூடப்பிறந்தவர். கொள்ளேகாலில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். தங்கையை மைசூரில் இந்த வீட்டிலேயே விடுவதா, துணிமணியைக் கட்டி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதா என்று முடிவு செய்ய அன்றைக்கு வருவதாக ஏற்பாடு. அப்படிப்பட்டவர் கடுகடுவென்று வருவார் என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். தேங்காயோடு வருவார் என்று நினைக்கவில்லை.

"வந்துட்டாங்களா அம்மிணி?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இல்லீங்கண்ணா. பத்து மணிக்கு மேலதான் வருவாரு."

"எத்தன பேரு?"

"ஒருத்தருதான்."

"ஒத்தையா வந்தா ஆகாதே," என்றார் அண்ணி.

"கூட அவரு பையன் வந்தாலும் வருவாருங்க. கை வேலையெல்லாம் அவருதான் செய்வாரு."

அண்ணன் முகம் தெளிந்தது. "கைத்தொழில் இருக்குது," என்று அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார்.

வரப்போவது ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர். அவர் ஒத்தையாக வந்தால் ஆகுமா ஆகாதா என்றெல்லாம் கவலைப்படுகிறார்களே, எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

கைமேல் உட்காரும் உத்தியோகம்

நான் எப்படி அந்த வாசலுக்கு வந்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா, எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த முதல் ஆள் நான். அப்பா கோபிநத்தம் பக்கத்தில் இருந்து மைசூருக்கு காரை வேலைக்கு வந்தவர். சுவருக்குப் பூச்சு பூசுவார். பள்ளிக்கூடச் சுவர்கள்கூடப் பூசியிருக்கிறார், உள்ளே உட்கார்ந்ததில்லை. நான் பி.ஏ. பாஸ் செய்தபோது அம்மா என் மார்க் ஷீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதேஸ்வரன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் குங்குமம் வைத்தார். அரசியல் விஞ்ஞானத்தில் நான் வாங்கிய மார்க்கின் மேல் இன்றைக்கும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. அந்த மார்க் மறைந்திருப்பதே நல்லது.

அப்பா பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போதே, "ரெண்டு நஞ்சுமளிகெ. இது எம் பொண்ணு, பி.ஏ.," என்பார். எனக்கும் அப்போது தலைக்கனம் குறைச்சல் இல்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஆணியால் 'மாதேஸ்வரி, பி.ஏ.' என்று கீறி வைத்திருந்தேன். டப்பா திருட்டுப்போனாலும் படித்தவளுடையது என்று திருடனுக்குத் தெரியட்டும்.

வேலை கிடைத்தது ஊனமுற்றவர்களுக்கான ஒரு சின்ன நிலையத்தில். அங்கே விடுதி கிடையாது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பேரைக் குடிவைப்பார்கள். அவர்களே சமைத்து, அவர்களே கடைக்குப் போய், அவர்களே சண்டை போட்டு அவர்களே சமாதானமாகவேண்டும். பக்கத்தில் ஒரு துணைக்கு ஆள். அந்த ஆள் நான்.

முதல் நாள் நிலையத்து மேடம் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "கேட்டால் செய். கேட்காவிட்டால் செய்யாதே. கை பரபரத்தால் கைமேல் உட்கார்ந்துகொள்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"அப்ப சும்மா உக்கார்ற வேலை."

"சும்மா இல்லப்பா. துணையா உக்காரணும்."

"அதுக்கு பி.ஏ. எதுக்கு? நான் படிக்காமயே நல்லா உக்காருவனே."

உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. நாகரத்னா வெங்காயம் நறுக்குவாள். ஒரு வெங்காயத்துக்கு ஒரு யுகம் ஆகும். கண்ணில் தண்ணீர் வருவது அவளுக்கில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு. என் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் மரத்துப்போய்க் கிடக்கும்.

சோப்பும் சொப்பும்

நாகரத்னாவுக்கு என் வயதுதான் இருக்கும். எதையும் மெதுவாகப் புரிந்துகொள்வாள், ஆனால் புரிந்ததை விடமாட்டாள். ஊதுபத்திக் கம்பெனியில் பெட்டியில் அடுக்கும் வேலை. கன்னடக்காரி. பரிமளா அக்காவோடு இருந்து இருந்து தமிழ் கேட்டால் புரியும், பதில் மட்டும் கன்னடத்தில் வரும்.

முதல் வாரம் அவளிடம், "கடைக்குப் போய் சோப்பு வாங்கிட்டு வர்றியா?" என்று கேட்டேன். போனாள். கை நிறைய சப்பசிகெக் கீரையோடு வந்தாள். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை.

"இது இல்ல நாகு. குளிக்கிற சோப்பு," என்றேன், உடம்பில் தேய்ப்பதுபோல் நடித்துக் காட்டி.

அவள் கீரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பரிமளா அக்காவிடம் திரும்பி, இந்தப் பெண்ணுக்கு வீட்டில் கீரை தேய்த்துத்தான் குளிப்பாட்டுவார்களா, பாவம், என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள். அக்கா வீல்சேரின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மூன்று நாள் சப்பசிகெ சாப்பிட்டோம். அதே மூன்று நாள் கடலைமாவு தேய்த்துக் குளித்தார்கள்.

கன்னடமும் தமிழும் ஒரு சொல்லின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்கும்போது நடுவில் ஒருவர் விழுவார் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. நான்தான் பி.ஏ. ஆயிற்றே.

எட்டாத தாழ்ப்பாள்

அந்த வீடு முன்பு ஊதுபத்திக் கிடங்காக இருந்தது. சுவரெல்லாம் சந்தன வாசனை. இரண்டு பேரும் எங்கே போனாலும் கோயிலில் இருந்து வருகிறீர்களா என்று கேட்பார்கள்.

கிடங்கு என்பதால் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பெரிய பூட்டு. உள்ளே இருந்தது ஊதுபத்தி. அது யாருக்குப் பயந்து உள்தாழ்ப்பாள் போடப்போகிறது? பிறகு குடிவைத்தபோது உள்ளே ஒரு தாழ்ப்பாள் அடித்தார்கள், கதவின் உச்சியில். நான் எம்பினால் எட்டும். பரிமளா அக்காவுக்கு சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் நடக்காது. வீல்சேரில் இருந்து பார்த்தால் அந்தத் தாழ்ப்பாள் நட்சத்திரம் மாதிரி.

நாகரத்னா வேலைக்குப் போய்விட்டால் அக்கா கதவைச் சாத்தலாம், தாழிட முடியாது. ஒருநாள் நான் கிளம்பும்போது, "வெளிய பூட்டிட்டுப் போகட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் பூராவும் அக்கா என்னோடு பேசவில்லை.

பிறகு அவரே சொன்னார். ஊரில் எல்லோரும் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போனால், சாப்பாடு, தண்ணீர், ரேடியோ எல்லாம் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவார்களாம். "பத்திரமா இருக்கட்டும்னுதான். அண்ணன் கெட்டவரு இல்ல. ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டுட்டுத்தான் போவாரு."

இப்போது அக்காவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வேலை. காலையில் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் போய் உட்கார்ந்தால், நஞ்சுமளிகெயில் யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், யார் பேசாமல் அழுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய பெரிய ஆட்களை, "லைன்ல நில்லுங்க," என்று அதட்டுவார்.

அண்ணனை மட்டும் அதட்ட முடியாது. ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அண்ணன் மைசூருக்கு விட்டிருந்தார். ஆறு மாதம் முடிந்தது. "ஒழுங்கா ஒரு பூட்டுகூட இல்லாத வீட்டுல ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கறதா? வர்ற ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்," என்று சொல்லி அனுப்பினார்.

"உங்கள் வாழ்க்கை, நீங்கள்தான் முடிவு பண்ணவேண்டும்," என்றார் மேடம்.

அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: "மேடத்துக்கென்ன. எங்கண்ணன் மூஞ்சியப் பாத்தா எனக்கு 'சரி'ங்கற ஒரு வார்த்தைதான் வரும் மாதேசு. முப்பத்தஞ்சு வருஷத்துல 'வரல'ன்னு ஒருதடவ சொன்னதில்ல. அவரு வான்னா, நான் போயிருவேன்."

பட்டதாரி போன் பேசுகிறாள்

அக்காவே போய் சித்தப்பா என்ற பூட்டு ரிப்பேர்க்காரரைப் பிடித்தார். யாருக்கும் அவர் சித்தப்பா இல்லை, அவர் பெயரே அது. மைசூர்ப் பக்கம் அப்படிப் பெயர் நிறைய. அவர் வந்து கதவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உள்பூட்டு போட்டுத்தருவதாக ஒத்துக்கொண்டார். வீல்சேரில் இருந்து எட்டும் உயரத்தில், உள்ளேயும் வெளியேயும் சாவி போடும்படி.

அதை அண்ணனுக்குச் சொல்லவேண்டும். அண்ணன் வீட்டில் போன் இல்லை. பக்கத்துப் பட்டுநூல் கடைக்குப் போன் செய்து, சொல்லச் சொல்லவேண்டும். கடைக்காரர் கன்னடக்காரர்.

பூத்தில் அக்கா எண்ணைச் சுற்றினார். லைன் கிடைத்தது. "குடுங்கக்கா, நான் பேசறேன்," என்று ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது கௌரவமான சொல், பிடுங்கினேன். நாள் முழுக்க போனோடு குடும்பம் நடத்துகிறவருக்கு போன் பேச உதவி செய்த ஒரே பி.ஏ. நானாகத்தான் இருப்பேன்.

நல்ல இலக்கணக் கன்னடத்தில், மரியாதை விகுதியெல்லாம் சேர்த்துப் பேசினேன். "பீக ரிப்பேரியவரு பானுவார பர்த்தாரெ." பீக என்றால் பூட்டு. பூட்டு ரிப்பேர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மேலும் சொன்னேன்: அவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார், அவருக்குச் சம்மதம், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், அண்ணன் கவலைப்படவேண்டாம்.

லைனில் அப்பளம் பொரிகிற சத்தம். அந்தச் சத்தம் நடுவில் இருந்த 'ரிப்பேரியவ'வை விழுங்கிவிட்டது. கடைக்காரர் காதில் விழுந்தது 'பீக... ரு'. பீகரு என்றால் சம்பந்தி வீட்டார்.

அவர் கடையில் இருந்து இறங்கி ஓடியே போய் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்: "உன் தங்கச்சிக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்களாம். ஏற்கெனவே பாத்துட்டாங்களாம். சம்மதமாம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவாங்களாம்."

அதனால்தான் முதல் பஸ். அதனால்தான் தேங்காய்.

மல்லிகையும் மௌனமும்

இனி ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம்.

உள்ளே வந்ததும் அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் அக்காவின் பின்னால் போய் நின்று, தலையில் மல்லிகையை வைத்தார். ஒரு முழமல்ல, ஒரு பந்து. நாகரத்னா உப்பிட்டும் கேசரிபாத்தும் செய்திருந்தாள். அதைப் பார்த்து அண்ணி தலையாட்டினார், "இனிப்பும் பண்ணிட்டீங்களா, நல்லது," என்று.

"பீகரு எங்க ஒக்காருவாங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பீகரல்லா, பீக," என்றாள் நாகரத்னா.

"ஆமா கண்ணு, பீகருதான்," என்று அண்ணி அவள் கன்னத்தைத் தொட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். வீல்சேரைத் திருப்பி சமையலறைக்குள் வந்தார்.

"அன்னிக்குப் போன்ல என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே வியர்த்துவிட்டது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மல்லிகை உதிர உதிரக் குலுங்கினார்.

"போய்ச் சொல்லிடட்டுமாக்கா?"

"இருடி. எங்கண்ணன் எங்கிட்ட 'இங்க ஒக்காரலாமா'ன்னு கேட்டாரு, கவனிச்சியா? எங்கிட்ட. ஒரு மணி நேரம் இருக்கட்டும். நீ போயி கைமேல ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

காலு கொஞ்சம் கோணை

சித்தப்பா சைக்கிளில் வந்தார், தனியாக. காக்கிச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. அண்ணன் ஓடிப்போய் சைக்கிளை வாங்கி நிறுத்தினார். அண்ணி செம்பில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். வேலைக்குப் போகிற வீடுகளில் செருப்பை எங்கே விடவேண்டும் என்று அதட்டல்தான் கேட்டுப் பழகியவர். மிரண்டுபோய், கழுவிய காலையே இன்னொருமுறை கழுவினார்.

வீட்டில் இருந்த ஒரே மர நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கையில் கேசரிபாத்.

"உங்க பேருங்க?" என்றார் அண்ணன்.

"சித்தப்பா." கட்டட வேலைத் தமிழர்களோடு பழகியதால் அவருக்குத் தமிழ் வரும்.

"யாருக்குங்க?"

"எல்லாருக்கும் சித்தப்பாதான்." இந்தக் கேள்வி அவருக்குப் பழக்கம்.

அண்ணன் அண்ணியிடம், "அப்பா இல்ல போல. சித்தப்பாதான் முன்னால நின்னு செய்யறாரு," என்று முணுமுணுத்தார். பிறகு, "பையன் வரலீங்களா?"

"அவன் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கான். இன்னிக்கு ரெண்டு எடத்துல பாக்கணும்."

அண்ணன் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. "ரெண்டு எடமா. சரிங்க. நீங்க முன்னாடியே வந்து பாத்துட்டீங்களாமே. உங்க அபிப்பிராயம்?"

சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதவைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டவர்கள் இதுவரை யாருமில்லை.

"ஓப்பனா சொல்றேன். வயசாச்சு. ஆனா ஜாதி நல்ல ஜாதி. இப்ப இந்த மாதிரி கெடைக்காது. தட்டிப் பாத்தேன், உள்ள கெட்டி."

"தட்டிப் பாத்தாரா," என்றார் அண்ணி மெல்லிய குரலில்.

"காலு கொஞ்சம் கோணை." அவர் சொன்னது நிலைக்காலை. "எல்லாரும் அதைத்தான் பெரிசா சொல்லுவாங்க. எனக்கு அது ஒரு விஷயமே இல்ல. அதுக்கேத்த மாதிரி நாமதான் வளைஞ்சு போகணும்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படிச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. இதுக்கு முன்னால நாலு பேரு வந்து பாத்தாங்க. காலப் பாத்ததும் காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாங்க."

சித்தப்பா கேசரிபாத்தைக் கீழே வைத்தார். "நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினீங்களா? எனக்குச் சொல்லவே இல்லையே."

"பழைய கதைங்க. கோவிச்சுக்காதீங்க."

"வேலை தெரியாதவங்ககிட்ட ஏன் காட்டணும்? அவங்க எல்லாரும் ஆணியடிச்சுட்டுப் போயிருவாங்க."

நான் பரிமளா அக்காவைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வீல்சேர் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அது சிரிக்கிற சத்தம்.

சித்தப்பா எழுந்து பையில் இருந்து அளவு நாடாவை எடுத்தார். அக்காவிடம் போய், "அம்மா, கைய நீட்டுங்க," என்று தரையில் இருந்து கைவரை அளந்தார். பல்லில் பென்சில்.

"ரவிக்கைக்கு அளவா? இப்பவேவா?" என்றார் அண்ணி.

"பீகரல்லா, பீக," என்றாள் நாகரத்னா மறுபடியும். யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா நேரே வாசலுக்குப் போனார், உளியை எடுத்தார், சுத்தியலால் கதவில் ஓங்கி ஒரு அடி.

அண்ணன் பதறி எழுந்தார். "சம்பந்தி, கதவ ஏனுங்க ஒடைக்கறீங்க?"

"பின்ன, பூட்டை எங்க வைக்கறது?" என்றார் சித்தப்பா.

நாகரத்னா அண்ணன் முன்னால் வந்து நின்றாள். தரையில் கிடந்த புதுப் பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"பீகரல்லா. பீக."

மூன்று சாவி

முதலில் சிரித்தது அண்ணிதான். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். அக்காவும் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. கையில் இருந்த பூட்டையே பார்த்தார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்," என்றார். "பஸ்ஸுல கண்டக்டர்கிட்டகூடச் சொன்னேன்."

சிரிப்பு நின்றது.

"மாப்பிள்ள இல்லண்ணா. பூட்டுதான்," என்றார் அக்கா மெதுவாக.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "போன்ல நாலு வார்த்த ஒழுங்காப் பேசத் தெரியாத ஆள நம்பி உங்கள இங்க விட்டுவெச்சிருக்காங்க. நாளைக்கு நெருப்புப் புடிச்சாலும் சம்பந்தி வந்திருக்காருன்னுதான் சொல்லுவாங்க. போதும். துணிமணிய எடு பரிமளா. மத்தியான பஸ்ஸுக்குப் போயிரலாம்." போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இரண்டு வருஷமாகக் குங்குமம் வைக்கப்பட்ட மார்க் ஷீட் அந்த நிமிஷம் எந்த உதவிக்கும் வரவில்லை. என் வாயால் அக்காவுக்கு இந்த வீடு போகப்போகிறது என்பது மட்டும் புரிந்தது.

அக்கா அண்ணன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே தலை தாழ்ந்தது. அந்த 'சரி' தொண்டைவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வேலை நடக்கிற இடத்தில் குடும்பச் சண்டை நடப்பது சித்தப்பாவுக்குப் புதிதில்லை. அவர் பாட்டுக்குத் தட்டினார், திருகினார், ஊதினார். கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஒரு கம்பியில் கோத்த சாவிகளைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு சாவி. யார் கையில குடுக்கறது?"

அண்ணன் கையை நீட்டினார். அதே நேரத்தில் இன்னொரு கையும் நீண்டது. யாருடையது என்று பார்த்தேன். என்னுடையது.

காற்றில் இரண்டு கைகள். சித்தப்பா ஒன்றைப் பார்த்தார், மற்றொன்றைப் பார்த்தார்.

"சித்தப்பா," என்றார் அக்கா. தலை நிமிராமல்தான். "பூட்டப் போடச் சொன்னது நானு."

சித்தப்பா எங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவே நடந்துபோய் சாவியை அக்காவின் மடியில் வைத்தார்.

அக்கா ஒரு சாவியைக் கழற்றி நாகரத்னாவிடம் கொடுத்தார். பிறகு, "பூட்டு சரியா இருக்குதான்னு பாக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றார்.

நாகரத்னாவும் கிளம்பினாள். "நீ எங்க போற? இது உன் வீடு. இரு."

நாங்கள் நாலு பேர் வெளியே வந்தோம். கதவு மூடிக்கொண்டது. உள்ளே சாவி திரும்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"நல்லா விழுது," என்றார் சித்தப்பா.

காத்திருந்தோம். கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, பட்டுச்சேலை, தேங்காய்த் தாம்பாளம், மூடிய கதவு எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தார்.

அண்ணன் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளே இருந்து அக்காவின் குரல். பூத்தில் பேசுகிற குரல்.

"நாந்தான்."

"நாந்தான்னா?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். "சண்முகம்."

"எந்த ஊரு?"

"கொள்ளேகால்."

"என்ன சமாச்சாரம்?"

"உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அண்ணி முழங்கையால் அவரை இடித்தார். "கேளுங்க," என்றார். "கூட்டிட்டுப் போறேன்னா? அவள ஒரு வார்த்த கேளுங்க."

அண்ணன் கதவுக்குக் கிட்டே போனார். மரத்தில் நெற்றி படும் அளவுக்குக் கிட்டே. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வர்றியா பரிமளா?"

சித்தப்பா உளியைத் துடைப்பதை நிறுத்தினார். எனக்கு உட்காரக் கைதான் இருந்தது, நாற்காலி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வரலண்ணா," என்றது குரல்.

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். கொஞ்சம் பொறுத்து, சத்தமாக, இன்னொருமுறை சொன்னார்: "நான் வரல. எனக்கு இங்க நல்லாயிருக்குது."

அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். புதுப் பூட்டின் மேல் விரலால் ஒருமுறை தடவினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பூட்டு கெட்டியாத்தான் இருக்குது," என்றார்.

"நான் போட்டது," என்றார் சித்தப்பா.

உள்ளே சாவி மறுபடியும் இரண்டு சுற்று திரும்பியது. கதவு திறந்தது. நிலைப்படியின் நடுவே, தலையில் அந்த மல்லிகைப் பந்தோடு, மடியில் சாவியோடு அக்கா உட்கார்ந்திருந்தார். அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

அண்ணன் நுழையவில்லை. நின்றார்.

"உள்ள வாங்கண்ணா," என்று அக்கா வீல்சேரைப் பின்னால் தள்ளி வழிவிட்டார்.

அதன்பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.